கச்சான் காற்றில் ஓடுகிறவர்களுக்கு: பயிற்சியின்போது உடல் இழக்கும் நீரை அளந்து ஈடுசெய்ய ஒரு முழுமையான வழிகாட்டி

ஜூன் மாதத்தில் ஒரு மாலை, பயிற்சி முடித்து வந்த மாணவன் ஒருவனின் மேற்சட்டையைத் தொட்டுப் பார்த்தேன். ஒன்றரை மணி நேரம் ஓடியவனின் சட்டை காய்ந்திருந்தது. "எனக்கு இன்றைக்கு வியர்க்கவே இல்லை, சேர்" என்றான். கருநீலத் துணியில் கழுத்துக்குக் கீழேயும் அக்குளைச் சுற்றியும் வெள்ளைக் கோடுகள் வளையம் வளையமாகப் படிந்திருந்தன. விரலால் தேய்த்தபோது பொடியாக உதிர்ந்தது. உப்பு. அவனைத் தராசில் ஏற்றினேன். ஓடப் போகும்போது 54 கிலோ இருந்தவன் 52.6 கிலோவாகத் திரும்பியிருந்தான். இடையில் அரை லீற்றர் தண்ணீரும் குடித்திருந்தான். அதையும் கூட்டினால் 1.9 லீற்றர் நீர் அவன் உடம்பை விட்டுப் போயிருக்கிறது. ஒரு சொட்டுக்கூட நிலத்தில் விழவில்லை. அத்தனையையும் காற்று குடித்துவிட்டது.

திருகோணமலையில் ஓடுகிறவர்களுக்கும் பந்து விளையாடுகிறவர்களுக்கும் கரைவலை இழுக்கிறவர்களுக்கும் நான் முதலில் சொல்வது இதுதான்: இந்த ஊரில் வியர்வையைக் கண்ணால் மதிப்பிட முடியாது. அளந்தே அறிய வேண்டும்.

தென்மேற்குப் பருவக்காற்று மேற்குக் கரையிலும் மலைநாட்டிலும் மழையைக் கொட்டிவிட்டு, மலையிறங்கி நம் பக்கம் வரும்போது ஈரம் வற்றிச் சூடேறி வருகிறது. அதுதான் கச்சான். கடற்காற்றையும் அடக்கிக்கொண்டு அது வீசும் நாள்களில் கிழக்குக் கரையில் வெப்பநிலை 38 பாகை செல்சியஸை நெருங்குவதுண்டு. அதே ஊரில் விடிகாலை ஐந்தரை மணிக்கு டச்சுக்குடாக் கரையோரம் ஓடிப் பாருங்கள். காற்று ஈரமாக இருக்கும். வியர்வை உலராமல் முழங்கை வழியே சொட்டும். பார்க்கிறவர்களுக்குக் காலையில் ஓடுகிறவரே அதிகம் வியர்ப்பதாகத் தோன்றும். ஆனால் சொட்டி விழும் வியர்வை உடலைக் குளிர்விப்பதில்லை. தோலில் இருந்து உலர்ந்து போகும் வியர்வைதான் வெப்பத்தை எடுத்துச் செல்கிறது. ஆகவே காலையில் நீரும் போகிறது, சூடும் உள்ளே தங்குகிறது. கச்சான் வீசும் மாலையில் வியர்வை உடனுக்குடன் உலர்வதால், நீர் போவதே தெரிவதில்லை.

உடம்புக்குள் நடப்பது

வளர்ந்த ஆணின் எடையில் ஏறத்தாழ 60 சதவீதம் நீர். பெண்ணுக்கு அதைவிடச் சற்றுக் குறைவு. நாம் ஓடும்போது தசைகள் செலவிடும் சக்தியில் நாலில் ஒரு பங்குதான் ஓட்டமாக மாறுகிறது. மீதி முழுவதும் வெப்பம். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 60 கிலோ எடையுள்ள ஒருவர் 10 கிலோமீட்டர் ஓடினால் ஏறத்தாழ 600 கிலோகலோரி செலவாகும். அதில் 450 கிலோகலோரி வெப்பம். அந்த வெப்பம் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே தங்கினால் உடல் வெப்பநிலை 9 பாகை ஏறிவிடும், உயிர் மிஞ்சாது. நம்மைக் காப்பது வியர்வை. ஒரு லீற்றர் வியர்வை முழுவதும் உலர்ந்தால் ஏறத்தாழ 580 கிலோகலோரி வெப்பம் அதனுடன் போய்விடும்.

அந்த வியர்வைக்கான நீரில் ஒரு பங்கை இரத்தமும் கொடுக்கிறது. இரத்தத்தின் நீர்ப்பகுதி குறையும்போது இதயத்துக்குத் திரும்பிவரும் இரத்தமும் குறைகிறது. ஒரு துடிப்பில் இதயம் தள்ளும் அளவும் குறைகிறது. அதை ஈடுகட்ட இதயம் வேகமாகத் துடிக்கிறது. உடல் எடையில் ஒவ்வொரு 1 சதவீத நீர் இழப்புக்கும் நிமிடத்துக்கு 3 முதல் 5 துடிப்பு கூடுகிறது. உடலின் உள்வெப்பநிலையும் 0.1 முதல் 0.2 பாகை ஏறுகிறது. உவர்மலை ஏற்றத்தில் முதல் சுற்றை இலகுவாக முடித்தவர், அதே வேகத்தில் ஐந்தாம் சுற்றில் மூச்சு வாங்குகிறார் என்றால், கால் சோர்ந்தது மட்டும் காரணமல்ல. குறைந்த இரத்தத்தை வைத்துக்கொண்டு இதயம் அதே வேலையைச் செய்துகொண்டிருக்கிறது.

இந்த நேரத்தில் தசை இரத்தம் கேட்கிறது. வெப்பத்தை வெளியேற்றத் தோலும் இரத்தம் கேட்கிறது. இருவருக்கும் போதாத நிலை வரும்போது தோலுக்குப் போவது குறைகிறது, வியர்ப்பதும் குறைகிறது, வெப்பம் உள்ளே தேங்குகிறது. தசையில் சேமித்து வைத்த மாச்சத்து வழக்கத்தைவிட விரைவாகக் கரைகிறது. வயிற்றுக்கும் குடலுக்கும் போகும் இரத்தம் சுருங்குவதால், குடித்த தண்ணீர் இரைப்பையிலேயே நிற்கிறது. கடைசிச் சுற்றில் ஒரு போத்தலை ஒரே மூச்சில் குடித்த பிள்ளை மைதான ஓரத்தில் வாந்தி எடுப்பது இதனால்தான். அதைப் பார்த்து "ஓடும்போது தண்ணீர் குடிக்காதே" என்று சொல்லிவிடுகிறார்கள். பிழை, குடித்ததில் இல்லை. தாமதித்துக் குடித்ததில் இருக்கிறது.

எடையில் 2 சதவீதத்துக்கு மேல் நீர் போனால், வெயிலில் நீண்ட நேரம் செய்யும் எந்தப் பயிற்சியிலும் வேகம் குறைவதை எதிர்பார்க்கலாம். 100 மீற்றர் ஓட்டத்திலும் பாரம் தூக்குவதிலும் அந்தப் பாதிப்பு அவ்வளவாகத் தெரியாது. குடித்தது போக அந்த மாணவன் இழந்தது 2.6 சதவீதம்.

தாகத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். வியர்வை இரத்தத்தைவிட உப்புக் குறைந்தது. அதனால் வியர்க்க வியர்க்க இரத்தம் உப்புச் செறிந்ததாகிறது. மூளை அதை உணர்ந்து, சிறுநீரகம் நீரை மறித்து வைக்கும்படி வாசோபிரெசின் என்ற ஹோர்மோனை அனுப்புகிறது. கூடவே தாகத்தையும் எழுப்புகிறது. "தாகம் எடுத்தாலே காலம் கடந்துவிட்டது" என்று பலர் சொல்கிறார்கள். அது முழு உண்மையல்ல. ஒரு மணி நேரத்துக்குக் குறைந்த நடைக்கும் மெல்லோட்டத்துக்கும் தாகம் நல்ல வழிகாட்டி. ஆனால் அதிகம் வியர்க்கும் ஒருவர் கச்சான் காற்றில் ஒன்றரை மணி நேரம் ஓடும்போது தாகம் பின்தங்கிவிடும். அங்கேதான் தராசு வேண்டும்.

படி 1: தொடங்குவதற்கு முன்

பயிற்சிக்கு ஏறத்தாழ நான்கு மணி நேரத்துக்கு முன் உங்கள் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் 5 முதல் 7 மில்லிலீற்றர் வரை குடியுங்கள். 60 கிலோ எடையென்றால் 300 முதல் 420 மில்லிலீற்றர். பெரிய கிளாஸில் ஒன்றரை. இரண்டு மணி நேரம் கழித்துச் சிறுநீரைப் பாருங்கள். தேசிக்காய்ச் சாறு கலந்த தண்ணீர்போல வெளிறியிருந்தால் போதும். தேநீர் நிறத்தில் இருந்தால் இன்னும் 200 முதல் 300 மில்லிலீற்றர் வரை மெதுவாகக் குடியுங்கள். விற்றமின் மாத்திரை எடுக்கிறவர்களுக்குச் சிறுநீர் அதனாலேயே மஞ்சளாகும். அவர்கள் நிறத்தை நம்ப வேண்டாம். காலையில் குடித்த வெறுந்தேநீரும் இந்தக் கணக்கில் சேரும். அளவான தேநீர் உடம்பில் உள்ள நீரை வற்றச் செய்வதில்லை.

நான் பயிற்றுவித்த ஓரிடத்தில் பெண் பிள்ளைகள் காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் மாலைப் பயிற்சிக்கு வந்தார்கள். கேட்டபோது, கழிப்பறை போக முடியாத நிலையில் இருப்பதால் குடிப்பதில்லை என்றார்கள். பயிற்சி தொடங்கும்போதே அவர்கள் உடல் வறண்டிருந்தது. பிள்ளைகளைத் தண்ணீர் குடிக்கச் சொல்லும் ஆசிரியர்கள், அதற்கு முன் கழிப்பறைக்குத் தண்ணீர் வருகிறதா, கதவு பூட்டுகிறதா என்று ஒரு தடவை போய்ப் பார்த்துவிடுங்கள்.

படி 2: உங்கள் வியர்வையை அளத்தல்

இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும் செய்ய நேரமிருந்தால் இதைச் செய்யுங்கள். வேண்டியவை 100 கிராம் வித்தியாசத்தையும் காட்டும் குளியலறைத் தராசு, அளவு குறித்த போத்தல், ஒரு கொப்பி. அவ்வளவுதான்.

சிறுநீர் கழித்துவிட்டு, மிகக் குறைந்த, காய்ந்த உடையோடு எடையை எடுங்கள். ஒரு மணி நேரம் வழக்கமான வேகத்தில் ஓடுங்கள். குடிக்கும் தண்ணீரைக் குறித்துக்கொள்ளுங்கள். திரும்பியதும் உடம்பைத் துவாயால் நன்றாகத் துடைத்து, ஈரச் சட்டையைக் கழற்றிவிட்டு, முன்பு எடுத்த அதே அளவு காய்ந்த உடையோடு மறுபடியும் எடையை எடுங்கள். சட்டையோடு ஏறினால் அதில் ஊறிய வியர்வையும் உங்கள் எடையாகிவிடும், கணக்குக் கெட்டுவிடும். குறைந்த ஒவ்வொரு கிலோவும் ஒரு லீற்றர் வியர்வை. அதோடு குடித்ததைக் கூட்டுங்கள். இடையில் சிறுநீர் கழித்திருந்தால் அதைக் கழியுங்கள். வருவது ஒரு மணி நேரத்துக்கான உங்கள் வியர்வை அளவு.

பெரும்பாலோருக்கு இது அரை லீற்றருக்கும் 2 லீற்றருக்கும் இடையில் இருக்கும். இவ்வளவு அகலமான இடைவெளி இருப்பதால்தான் "நாளுக்கு இத்தனை போத்தல்" என்ற பொது விதியை நான் நம்புவதில்லை. அந்த மாணவனுக்கு ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 1.27 லீற்றர். அவனோடு அதே வேகத்தில் ஓடும் நண்பனுக்கு 0.8. இருவருக்கும் ஒரே போத்தலைக் கொடுத்தால் ஒருவன் காய்வான், மற்றவன் வயிறு ஊதுவான்.

ஒரு தடவை அளந்ததோடு விட்டுவிடாதீர்கள். கச்சான் வீசும் மாலை, ஈரமான விடிகாலை, வாடைக் காற்று வீசும் மார்கழி என்று மூன்று விதமான நாள்களிலும் அளந்து எழுதுங்கள். பிள்ளைகளின் எடையை எடுக்கும்போது, முக்கியமாகப் பெண் பிள்ளைகளின் எடையை, தனியே எடுத்து அவர்களுடைய கொப்பியிலேயே எழுதுங்கள். எண்ணை மைதானத்தில் உரத்துச் சொல்லாதீர்கள்.

படி 3: ஓடும்போது

போன நீர் முழுவதையும் ஓடும்போதே ஈடுசெய்ய வேண்டியதில்லை. இழப்பு எடையின் 2 சதவீதத்தைத் தாண்டாமல் பார்த்துக்கொண்டால் போதும். 54 கிலோ மாணவனுக்கு அந்த எல்லை ஏறத்தாழ 1 கிலோ. ஒன்றரை மணி நேரத்தில் 1.9 லீற்றர் போகிறதென்றால், அவன் குடிக்க வேண்டியது 0.9 லீற்றர். கால் மணி நேரத்துக்கு ஒரு தடவை 150 மில்லிலீற்றர் என்று ஆறு தடவை. ஒவ்வொரு தடவையும் ஐந்தாறு மிடறு. மறுவாரம் அப்படிக் குடித்து ஓடினான். வாந்தியும் இல்லை, கடைசிச் சுற்றில் தலையிடியும் இல்லை.

போத்தலின் பக்கத்தில் மார்க்கரால் கோடு போட்டுவிடுங்கள். நிலாவெளி வீதியில் நேராகப் போய்த் திரும்பும் நீண்ட ஓட்டத்தைவிட, போத்தல் வைத்த இடத்தைத் திரும்பத் திரும்பக் கடக்கும் சுற்றோட்டம் நல்லது. குளிர்ந்த தண்ணீர் கிடைத்தால் அதையே குடியுங்கள். அதிகம் குடிக்க முடியும், உடம்பும் சற்றுக் குளிரும். தலையில் ஊற்றுவது இதமாக இருக்கும்; ஆனால் குடித்த கணக்கில் அதைச் சேர்க்க வேண்டாம்.

எடை கூடித் திரும்பினால் நீங்கள் அளவுக்கு மிஞ்சிக் குடித்திருக்கிறீர்கள். இதை விளையாட்டாக எடுக்கக் கூடாது. தண்ணீர் மிகும்போது இரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போய் மூளை வீங்கலாம். 2002 ஆம் ஆண்டு பொஸ்டன் மரதனில் 488 பேரின் இரத்தத்தைச் சோதித்தபோது 13 சதவீதமானோருக்குச் சோடியம் இயல்பைவிடக் குறைந்திருந்தது. மெதுவாக ஓடி, ஒவ்வொரு தண்ணீர் மேசையிலும் நின்று குடிக்கிறவர்களுக்கே இந்த ஆபத்து அதிகம். தலையிடி, குமட்டல், குழப்பம் என்று அறிகுறிகளும் நீரிழப்பைப் போலவே இருக்கும். விரல்களும் மோதிரமும் இறுகியிருந்தால், எடையும் கூடியிருந்தால் மேலும் தண்ணீர் கொடுக்காதீர்கள். வைத்தியரிடம் கொண்டு போங்கள்.

படி 4: உப்பு

ஒரு மணி நேரத்துக்குக் குறைந்த பயிற்சிக்கு வெறும் தண்ணீர் போதும். அதற்கு மேல் போகும்போதும், சட்டையில் வெள்ளைக் கோடு விழுகிறவர்களுக்கும் உப்பு வேண்டும். ஒரு லீற்றர் வியர்வையில் சராசரியாக ஒரு கிராம் அளவில் சோடியம் போகிறது. அது ஏறத்தாழ அரைத் தேக்கரண்டி உப்புக்குச் சமம். ஆளுக்கு ஆள் இது மிகவும் வேறுபடும்.

எங்கள் ஆட்கள் இதை ஆய்வுகூடம் இல்லாமலே அறிந்திருந்தார்கள். செல்வச்சந்நிதியிலிருந்து கதிர்காமத்துக்கு நடக்கும் பாதயாத்திரை அடியார்கள் கச்சான் காலத்தில்தான் திருகோணமலையைக் கடக்கிறார்கள். தண்ணீர்ப்பந்தலில் அவர்களுக்குக் கிடைப்பது என்ன? உப்பும் வெங்காயமும் பச்சைமிளகாயும் போட்ட மோர். அடுத்த கிடாரத்தில் சர்க்கரைத் தண்ணீர். சிறுகுடலின் சுவரில் சோடியத்தையும் குளுக்கோசையும் சேர்த்தே உள்ளே இழுக்கும் வாயில்கள் இருக்கின்றன. அவை இரண்டும் உள்ளே போகும்போது தண்ணீரும் பின்னாலேயே போகிறது. வயிற்றோட்டத்துக்குக் கொடுக்கும் ஜீவனியும் இதே வழியில்தான் வேலை செய்கிறது. பந்தலில் மோரையும் சர்க்கரைத் தண்ணீரையும் ஒன்றன்பின் ஒன்றாகக் குடிக்கும் அடியாரின் வயிற்றிலும் அதேதான் நடக்கிறது.

வீட்டில் செய்வதென்றால்: கொதித்தாறிய தண்ணீர் ஒரு லீற்றர், மட்டமாக வெட்டிய ஆறு தேக்கரண்டி சீனி, மட்டமான அரைத் தேக்கரண்டி உப்பு, பாதித் தேசிக்காய். உப்பின் அளவைக் கூட்டாதீர்கள். கண்ணீரைவிட அதிகம் உவர்த்தால் கொட்டிவிட்டுத் திரும்பக் கலக்குங்கள். மருந்தகத்தில் ஜீவனி வாங்கினால், பொதியில் எழுதியுள்ள அளவுத் தண்ணீரில் முழுப் பொதியையும் கரையுங்கள்.

இளநீரும் செவ்விளநீரும் நல்லவை. ஆனால் அவற்றில் பொட்டாசியம் நிறைய, சோடியம் குறைவு. வியர்வையில் போவது பெரும்பாலும் சோடியம். ஆகவே வெட்டிய இளநீரில் ஒரு சிட்டிகை உப்பு போட்டுக் குடியுங்கள், சுவையும் கெடாது. உப்பை அப்படியே வாயில் போட்டு விழுங்குவது வேண்டாம்.

படி 5: முடிந்த பிறகு

குறைந்த ஒவ்வொரு கிலோவுக்கும் 1.5 லீற்றர் வரை, நான்கு மணி நேரத்துக்குள், சிறிது சிறிதாகக் குடியுங்கள். அரைப் பங்கு கூடுதலாகக் கேட்பது, குடித்ததில் ஒரு பகுதி சிறுநீராகப் போய்விடும் என்பதால். வெறும் தண்ணீரை மடமடவென்று குடித்தால் அப்படிப் போவது இன்னும் அதிகம். சாப்பாட்டோடு குடித்தால் சாப்பாட்டின் உப்பு நீரைப் பிடித்து வைக்கும். புட்டும் சொதியும் மீன் குழம்பும் போதும். விலை கூடிய வண்ணப் பானம் தேவையில்லை. மறுநாள் காலை எடை வழக்கத்தைவிட 1 சதவீதத்துக்கு மேல் குறைந்திருந்தால், அன்றைய பயிற்சியைக் குறையுங்கள்.

கிண்ணியாவிலும் மூதூரிலும் நோன்பு காலத்தில் உதைபந்தாட்டப் பயிற்சி செய்யும் தம்பிகள் அஸர் எனும் பிற்பகல் தொழுகைக்குப் பிறகு ஆடுவதை விட்டு, நோன்பு திறந்து இரண்டு மணி நேரம் கழித்து ஆடட்டும். நோன்புக் கஞ்சியில் நீர், உப்பு, மாச்சத்து மூன்றும் சேர்ந்திருக்கின்றன. நான் அறிந்தவரை அதைவிடப் பொருத்தமான முதல் உணவு இல்லை.

படி 6: உடம்பைப் பழக்குதல்

வெளிநாட்டிலிருந்து வந்தவர்களும், நுவரெலியாப் பக்கம் படித்துவிட்டு விடுமுறைக்கு வந்தவர்களும், காய்ச்சலில் கிடந்து எழுந்தவர்களும் முதல் நாளே முழு ஓட்டம் ஓடக் கூடாது. 10 முதல் 14 நாள்களில் உடம்பு பழகிவிடும்: வியர்வை முந்தித் தொடங்கும், அதில் உப்புக் குறையும், இரத்தத்தின் நீர்ப்பகுதி பெருகும். முதல் வாரம் பாதித் தூரம் போதும்.

யார் முதலில் வைத்தியரைக் கேட்க வேண்டும்? நீரிழிவு, உயர் இரத்த அழுத்தம், இதய நோய், சிறுநீரக நோய் உள்ளவர்கள். சிறுநீர் கூடப் போகும் மாத்திரை எடுக்கிறவர்கள். இன்னொன்றையும் அழுத்திச் சொல்கிறேன்: முழங்கால் வலிக்கு ஐபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக் போட்டுக்கொண்டு வெயிலில் ஓடாதீர்கள். உடல் வறண்டிருக்கும்போது அவை சிறுநீரகத்துக்குப் போகும் இரத்தத்தைக் குறைத்துப் பழுதாக்கக்கூடும்.

ஆபத்து வந்தால்

1984 லொஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக் போட்டியில் சுவிட்சர்லாந்து வீராங்கனை கபிரியேலா அண்டர்சன்-ஷீஸ் மரதனின் கடைசிச் சுற்றை உடல் ஒருபக்கம் சாய்ந்து தள்ளாடியபடி கடக்க ஏறத்தாழ ஐந்தே முக்கால் நிமிடம் எடுத்தார். கடைசித் தண்ணீர் மேசையை அவர் தவறவிட்டிருந்தார். வியர்த்துக்கொண்டிருந்ததால் ஓடவிடலாம் என்று மருத்துவக் குழுவினர் முடிவெடுத்தார்கள். அவர் தப்பினார். ஆனால் வியர்க்கிறது என்பதை நம்பி நீங்கள் அப்படி முடிவெடுக்காதீர்கள். ஓட்டத்தால் வரும் வெப்ப அதிர்ச்சியில், அதாவது உடல் அளவுமீறிச் சூடேறி மூளை தடுமாறும் நிலையில், பலருக்கு வியர்வை வழிந்துகொண்டே இருக்கும்.

தோலைப் பார்க்காமல் பேச்சைக் கவனியுங்கள். பெயர் என்ன, இன்று என்ன கிழமை, எத்தனையாவது சுற்று என்று கேளுங்கள். தெளிவாகப் பதில் சொன்னால் நிழலில் படுக்க வைத்து, காலை உயர்த்தி, உப்பும் சீனியும் கலந்த தண்ணீரைச் சிறிது சிறிதாகக் கொடுங்கள். பதில் குழம்பினால், காரணமில்லாமல் கோபப்பட்டால், தள்ளாடி விழுந்தால், மயங்கினால் அது வெப்ப அதிர்ச்சி என்றே எடுத்துக்கொள்ளுங்கள். உள்வெப்பநிலை 40 பாகையைத் தாண்டியிருக்கலாம். ஒருவர் 1990 என்ற அம்புலன்ஸ் இலக்கத்தை அழைக்க, மற்றவர்கள் அந்த நொடியிலேயே குளிர்விக்கத் தொடங்க வேண்டும். அம்புலன்ஸ் வரும்வரை காத்திருக்கக் கூடாது.

எங்கள் மைதானத்தில் ஒரு தறப்பாளும் ரெஜிபோம் மீன் பெட்டி நிறைய ஐஸும் எப்போதும் இருக்கும். மீன்பிடி ஊரில் ஐஸுக்குப் பஞ்சமில்லை. பிள்ளையைத் தறப்பாளில் கிடத்தி, நான்கு பக்கமும் நால்வர் தூக்கிப் பிடித்துத் தொட்டிபோல ஆக்கி, தண்ணீரையும் ஐஸையும் கொட்டி அசைத்துக்கொண்டே இருக்க வேண்டும். ஒருவர் தலையைத் தண்ணீருக்கு மேலே தாங்கிப் பிடிக்க வேண்டும். தறப்பாள் இல்லையென்றால் கிணற்று நீரை வாளி வாளியாக ஊற்றி விசிறுங்கள். கழுத்திலும் அக்குளிலும் தொடையிடுக்கிலும் ஐஸ் வையுங்கள். நினைவு தெளியாதவரின் வாயில் ஒரு துளியும் ஊற்றாதீர்கள். குளிர்விக்கத் தொடங்கிய நேரத்தைக் கையில் பேனாவால் எழுதி வைத்து, அம்புலன்ஸில் வருகிறவர்களிடம் அதை முதலில் சொல்லுங்கள்.